நேராப் பேசுறாங்களாம்!

நேத்து டச்சுக்காரங்க நேராப் பேசுறதைப் பத்தின பதிவுக்குக் கீழ நடந்த கூத்தை எல்லாரும் பார்த்திருப்பீங்க. "டச்சுக்காரன் மூஞ்சிக்கு நேரா சொல்லுவான், நம்மாளுங்கதான் தொட்டாச்சிணுங்கி"ன்னு ஒரு அண்ணன் எழுத, அதுக்கு 400 ஹார்ட்டு. ராத்திரி தூக்கமே வரலை.

நான் நெதர்லாந்துல இருக்கற ஐண்ட்ஹோவனுக்கு வந்து 6 வருஷமாச்சு. வந்த மூணாவது மாசம், ராப்பகலா உட்கார்ந்து நான் செஞ்ச டிசைனை எட்டுப் பேர் முன்னாடி டீம் லீட் "இது நல்லா இல்லை"ன்னான். பூசி மெழுகல் எதுவும் கிடையாது. பாத்ரூம்ல போய் அழுதேன். 12 மணிக்கு அதே ஆள் ரொட்டி, சீஸ், மோரோட பக்கத்துல வந்து உட்கார்ந்து, சனி ஞாயிறு என்ன பிளான்னு கேக்கறான். அவனுக்கு டிசைன் வேற, நான் வேற. நல்ல பழக்கம்தான், ஒத்துக்கறேன்.

ஆனா நேராப் பேசுற ஊர்ல, பிறந்தநாளுக்கு நம்ம கேக்கை நாமளே வாங்கிட்டு வந்து எல்லாருக்கும் கொடுக்கணும்னு ஏன் ஒருத்தரும் சொல்லலை? முதல் வருஷம் புதுச் சுடிதார் போட்டுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தேன். அவங்களும் காத்திருந்தாங்களாம், கேக்குக்காக! மறுநாள் ஒருத்தி, "நீ கொண்டாடறதில்லை போலன்னு நினைச்சோம்"கறா.

மீட்டிங்கும் அப்படித்தான். இன்டர்ன் வரைக்கும் கருத்து சொல்லணும், எல்லாரும் ஒத்துப்போற வரைக்கும் இழுப்பாங்க. போல்டர் மாடல்னு அதுக்குப் பேரே இருக்கு. சம்பள உயர்வை அடக்கிக்கலாம், வேலை நேரத்தைக் குறைங்கன்னு தொழிற்சங்கமும் முதலாளிகளும் 1982ல வாசனார்ங்கற ஊர்ல பேசி முடிச்சதைப் பெருமையாச் சொல்லுவாங்க. நானோ, பெரியவங்க பேசறப்ப குறுக்கே பேசாதேன்னு வளர்ந்தவ. வாயை மூடிட்டு இருந்தேன். அது சம்மதம்னு கணக்காயிடுச்சு.

சரி, பழகுவோம்னு போன மாசம் நானும் நேராச் சொன்னேன்: "இந்தத் தேதிக்குள்ள முடியாது, உங்க பிளான் தப்பு." ரூம்ல சத்தமே இல்லை. சாயங்காலம் அதே டீம் லீட் தனியாக் கூப்பிட்டு, "உன் டோன் கொஞ்சம் கடுமை"ங்கறான். அவன் சொன்னா நேர்மை, நான் சொன்னா டோன்! இதைத்தான் கேக்கறேன் அண்ணே. எட்டுப் பேர் முன்னாடி என்னைச் சொன்னப்ப எங்க போச்சு அந்தத் தனி ரூம்?

"ஒருத்தனை வச்சு நாட்டையே எடை போடாதே"ன்னு வருவீங்க. சரி, போடலை. "அப்போ ஊருக்குத் திரும்பிடு"ன்னும் வருவீங்க. அதுக்கெல்லாம் பதில் கிடையாது.

நம்மாளுங்களுக்கு நேராப் பேச வராதாம்! போன தடவை திருச்சி போனப்ப, வாசப்படி ஏறலை, பெரியம்மா "என்னடி இப்படிக் கறுத்துப் பெருத்துட்ட, இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா?"ன்னாங்க. எந்த டச்சுக்காரன் கிட்ட வர முடியும்? இந்த 6 வருஷத்துல அந்தக் கேள்வியை இங்க ஒருத்தர்கூட என்கிட்ட கேட்டதில்லை. அதையும் சொல்லிடறேன்.

வர்ற வியாழன் எனக்குப் பிறந்தநாள். ரவா கேசரி கிண்டிட்டுப் போறேன். போன வருஷம் அந்த டீம் லீட் ஒரு ஸ்பூன் வாயில வச்சதும் "ரொம்ப இனிப்பு"ன்னான். டப்பாவை மூடப் போனா, "ஏன் மூடற?"ங்கறான்.