மின்னூல் விஷயத்தில் ஒரு திருத்தம்
"சாட்ஜிபிடியில் ஒரே ராத்திரியில் புத்தகம் எழுதி அமேசான் கேடிபியில் (நாமே மின்னூல் வெளியிடும் தளம்) ஏற்றிவிடு, ஏஐ என்று யாரிடமும் சொல்ல வேண்டாம், நீ தூங்கும்போதும் பணம் வரும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கல்லூரித் தம்பி தங்கைகள் இதை நம்பி இறங்கிவிடக் கூடாது.

அமேசானிடம் சொல்லியே ஆக வேண்டும். 2023 செப்டம்பரிலிருந்து கேடிபியில் புத்தகம் ஏற்றும்போதே 'இது ஏஐ உருவாக்கியதா' என்ற கேள்வி வருகிறது. எழுத்து, படம், மொழிபெயர்ப்பு எதுவாக இருந்தாலும் ஏஐ உருவாக்கியது என்றால், பிறகு நீங்கள் எவ்வளவு திருத்தியிருந்தாலும் அது ஏஐ உருவாக்கியதுதான். நீங்களே எழுதியதை ஏஐயை வைத்துப் பிழை மட்டும் பார்த்தீர்கள் என்றால் சொல்லத் தேவையில்லை. பொய் சொல்லி மாட்டினால் உங்கள் கேடிபி கணக்கே போய்விடலாம். அப்புறம், மனிதக் கைபடாத ஏஐ உரைக்கு அமெரிக்கப் பதிப்புரிமை (காப்பிரைட்) அலுவலகம் பதிவு தருவதில்லை, அதனால் வேறொருவன் அப்படியே நகலெடுத்தால் உங்களால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

ஏஐயால் சம்பாதிக்கவே முடியாது என்று சொல்லவில்லை. நான் படிக்கும்போதே வீடியோக்களுக்கு வசனவரி போட்டுக் கொடுக்கிறேன். ஒரு மணி நேரப் பேச்சை ஏஐ கருவி சில நிமிடங்களில் எழுதிவிடும், ஆனால் 'ஃபிஃப்டீன்' என்று பேசியவர் சொன்னதை அது 50 என்று போட்டு வைத்திருக்கும், அதை ஹெட்போனில் மூன்று முறை ஓட்டிக் கேட்டுப் பிடிப்பதற்குத்தான் எனக்குக் காசு. தேர்வு வாரத்தில் வேலை எடுக்க மாட்டேன், அந்த வாரம் வரவும் கிடையாது. தூங்கும்போது இதுவரை எதுவும் வந்ததில்லை.