சக்சஸ் ரேட் 80% என்றால், எதில் 80?

குழந்தையின்மை சிகிச்சை மையங்களின் பேனர்களில் 'சக்சஸ் ரேட் 70%', 'சக்சஸ் ரேட் 80%' என்று பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரே கேள்விதான் வரும். எதில் 80? பஸ் ஸ்டாண்ட் சுவர், லோக்கல் டிவி, வாட்ஸ்அப் ஃபார்வர்டு என எங்கேயாவது இந்த மாதிரி ஓர் எண் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. அது எதை எதால் வகுத்து வந்தது என்று ஒரு வரி விளக்கம்கூட இருப்பதில்லை. நகையை அடகு வைத்து, சீட்டை எடுத்துப் பணம் புரட்டிக்கொண்டு போகிறவர்களில் எத்தனையோ பேர் இந்த ஓர் எண்ணை நம்பித்தான் போகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

என் அண்ணி இந்தச் சிகிச்சையில் இருந்தபோது நானும் கூடப் போய் வந்திருக்கிறேன். காத்திருக்கும் இடத்தில் முன்பின் தெரியாத பெண்கள்கூட ஒருவரோடொருவர் மனம் விட்டுப் பேசிக்கொள்வார்கள். "அவங்களுக்கு ஃபர்ஸ்ட் டைமே சக்சஸ் ஆயிடுச்சாம்", "எனக்கு ரெண்டு தடவை ஃபெயிலியர்க்கா, இது மூணாவது." அந்தப் பெண்களுக்கு சக்சஸ் என்றால் கையில் ஒரு குழந்தை, அவ்வளவுதான். பேனரில் இருக்கும் சக்சஸும் அதுதான் என்று அவர்கள் நம்புகிறார்கள். அங்கேதான் சிக்கல்.

ஐ.வி.எஃப்., அதாவது டெஸ்ட் ட்யூப் பேபி சிகிச்சை, ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. முட்டை வளர்வதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் தினமும் ஊசி. பிறகு மயக்கம் கொடுத்து முட்டைகளை எடுப்பார்கள். லேபில் விந்தணுவோடு சேர்த்துக் கருவாக்கி, மூன்றாவது நாளோ ஐந்தாவது நாளோ கருப்பையில் வைப்பார்கள். சிலருக்குக் கருவை உறைய வைத்து அடுத்த மாதங்களில் வைப்பதும் உண்டு. வைத்து ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து கர்ப்பம் தரித்திருக்கிறதா என்று காட்டும் பீட்டா எச்.சி.ஜி. ரத்தப் பரிசோதனை. அதில் பாசிட்டிவ் வந்தால் அடுத்து ஸ்கேனில் இதயத் துடிப்பு தெரிய வேண்டும். அதற்குப் பிறகும் ஏழெட்டு மாதம் இருக்கிறது. இதில் எந்தப் படியிலும் நின்றுபோகலாம். சிலருக்கு ஊசி போட்டும் முட்டை வளராது. சிலருக்கு முட்டை கிடைத்தும் கரு உருவாகாது. ரத்தத்தில் பாசிட்டிவ் வந்து, ஸ்கேன் எடுக்கும் முன்பே கலைந்துபோவதும் உண்டு.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பாருங்கள். நூறு பெண்கள் ஊசி போட ஆரம்பிக்கிறார்கள். கரு வைக்கும் கட்டம் வரை 80 பேர் வருகிறார்கள். 40 பேருக்கு ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ். கடைசியில் 28 பேர் குழந்தை பெறுகிறார்கள். கரு வைத்த 80 பேரில் 40 பேருக்கு பாசிட்டிவ், ஆகவே சக்சஸ் ரேட் 50% என்று பேனர் அடிக்கலாம். எண்ணில் பொய் கிடையாது. ஆனால் பணம் கட்டி ஊசி போட்டுக்கொண்டவர்கள் நூறு பேர், குழந்தையோடு வீட்டுக்குப் போனவர்கள் 28 பேர். அந்த நூறு பேரில் ஒருத்தி கேட்க வேண்டிய எண் 28தான். ப்ளஸ் டூவில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்டுவதற்காக, சுமாராகப் படிக்கும் பிள்ளைகளைப் பதினொன்றாம் வகுப்பிலேயே டி.சி. கொடுத்து அனுப்புகிற பள்ளிகளின் கணக்கும் இதே ரகம்தான்.

வயதை மறைத்தும் இந்த எண்ணை ஏற்றலாம். இங்கிலாந்தில் கருத்தரிப்பு சிகிச்சையைக் கண்காணிக்கும் அரசு ஆணையத்தின் 2019ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். வைக்கப்பட்ட ஒவ்வொரு கருவுக்கும் குழந்தை பிறந்த விகிதம், 35 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 32%. சொந்த முட்டையில் முயன்ற, 43 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு 5 சதவீதத்துக்கும் கீழே. இளம் பெண்ணின் தான முட்டையைப் பயன்படுத்தினால் இந்த வயதுக்காரர்களுக்கும் வாய்ப்பு கூடும். எல்லா வயதையும், சொந்த முட்டையையும் தான முட்டையையும் ஒன்றாகக் கலந்து ஒரே எண்ணாகப் போட்டால், 42 வயதுப் பெண் அதை வைத்து எதைத் தெரிந்துகொள்வாள்?

இந்தச் சிகிச்சை பிறந்த கதையே வேறு விதமான நேர்மையைக் காட்டுகிறது. 1978 ஜூலை 25 அன்று இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் உலகின் முதல் டெஸ்ட் ட்யூப் குழந்தையான லூயிஸ் பிரவுன் பிறந்ததைத்தான் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். 1969 முதல் 1978 வரை, இந்தச் சிகிச்சையை உருவாக்கிய ராபர்ட் எட்வர்ட்ஸும் பேட்ரிக் ஸ்டெப்டோவும் ஜீன் பர்டியும் செய்த முயற்சிகளின் குறிப்பேடுகளை ஆய்வாளர்கள் பிற்பாடு எண்ணிப் பார்த்தார்கள். 282 பெண்கள். 112 முறை கரு வைக்கப்பட்டது. பிறந்தவை லூயிஸையும் சேர்த்து இரண்டே குழந்தைகள். எட்வர்ட்ஸுக்கு 2010இல் நோபல் பரிசு கிடைத்தது. மற்ற 280 பெண்களும் வெறுங்கையோடுதான் திரும்பினார்கள். அவர்களும் கணக்கில் இருப்பதால்தான் அந்த இரண்டின் அருமை நமக்குப் புரிகிறது.

அமெரிக்காவில் 1992லேயே இதற்கென்று சட்டம் போட்டுவிட்டார்கள். சட்டத்தின் பெயரிலேயே 'வெற்றி விகிதம்' இருக்கிறது. ஒவ்வொரு மையமும் தன் கணக்கை அரசுக்கு அனுப்ப வேண்டும், அரசு அதை மையத்தின் பெயரோடு வெளியிட வேண்டும் என்பது அதன் சாரம். நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2021இல் நிறைவேறிய இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. வாய்ப்பு எவ்வளவு, பக்க விளைவு என்ன, ஆபத்து என்ன, செலவு எவ்வளவு என்பதையெல்லாம் தம்பதிக்கு முன்கூட்டியே எடுத்துச் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. மையங்களின் சிகிச்சை முடிவுகளைத் திரட்டத் தேசியப் பதிவகமும் உண்டு. அங்கே சேரும் எண்கள், மையத்தின் பெயரோடும் வயது வாரியாகவும், ஊசி ஆரம்பித்தவர்கள் எத்தனை, குழந்தை பெற்றவர்கள் எத்தனை என்ற கணக்காகத் தமிழில் மக்கள் கைக்கு வர வேண்டும். பேனரில் எண் போடுகிற ஒவ்வொரு மையமும் அந்தக் கணக்கையும் அதே அளவு எழுத்தில் பக்கத்திலேயே போட வேண்டும்.

எனக்கு இதில் அதிகம் வலிப்பது இன்னொரு விஷயம். பாசிட்டிவ் வந்தால் அது மையத்தின் சக்சஸ், பேனரில் ஏறிவிடும். நெகட்டிவ் வந்தால் "உங்க உடம்பு ஒத்துழைக்கலம்மா" என்று பெண்ணிடம் சொல்லிவிடுகிறார்கள். அண்ணிக்கு அப்படித்தான் சொன்னார்கள். வீட்டுக்கு வந்தால் சொந்தக்காரர்கள், "மாடிப்படி ஏறினியா, பஸ்ல வந்தியா" என்று விசாரணை வைக்கிறார்கள். கரு வைத்தபின் இயல்பாக நடமாடுவதால் அது கலைந்துவிடாது, படுத்தே கிடக்கத் தேவையில்லை என்று ஆய்வுகள் சொல்லி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. குறை ஆணிடமும் இருக்கலாம், பல தம்பதிகளுக்கு அதுவும் ஒரு காரணம். ஆனாலும் ஃபெயிலியர் என்ற சொல் வந்து உட்காருவது அவள் தலையில்தான். ஐம்பது சதவீத வாய்ப்பு என்று ஒரு மையம் சொல்லும்போதே, மீதி ஐம்பது பேருக்கு நடக்காது என்று அதற்குத் தெரியும். தெரிந்தே ஏற்றுக்கொண்ட ஒன்றுக்கு ஒரு பெண்ணை எப்படிக் குற்றவாளி ஆக்க முடியும்?

மருத்துவர்கள் எல்லோரையும் சொல்லவில்லை. "உங்க வயசுக்கு வாய்ப்பு கம்மி, யோசிச்சுக்கோங்க" என்று முகத்துக்கு நேரே சொன்ன ஒரு டாக்டரை அண்ணியும் நானும் பிற்பாடு பார்த்தோம். பேனர் இல்லாத சின்ன மருத்துவமனை அது. அன்றைக்கு அண்ணி அழுதார். ஆனால் அடுத்த முடிவைத் தெளிந்த மனதோடு அவரே எடுத்தார்.

இதைப் படிப்பவர்களில் யாராவது இந்தச் சிகிச்சைக்குப் போகிறீர்கள் என்றால், முன்பணம் கட்டும் முன் இப்படிக் கேளுங்கள்: "என் வயசுல, சொந்த முட்டையில, போன வருஷம் இங்க எத்தனை பேர் ஊசி ஆரம்பிச்சாங்க? அதுல எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்துச்சு?" பதிலை எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் கையெழுத்துப் போடாமல் எழுந்து வாருங்கள், இன்னொரு இடத்தில் விசாரித்துக்கொள்ளலாம். கணவரோ மாமியாரோ கூட இருந்தால், அந்தக் கேள்வியை அவர்களே கேட்கட்டும்.