தனியாக வந்தவளுக்கு அறை இல்லை

மதுரையை அடுத்த ஒத்தக்கடையில் ஒரு விடுதி, தனியாக வந்தாள் என்பதற்காக என் அண்ணன் மகளுக்கு அறை மறுத்ததைப் பற்றி நான் எழுதிய பிறகு, அவளுக்காக வருத்தப்பட்டவர்களைவிட விடுதிக்காரருக்குப் பரிந்து பேசியவர்களே அதிகம். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்து பார்த்தேன், முடியவில்லை. "அவர் தொழிலை அவர் பார்க்கிறார், உங்களுக்கு ஏன் டீச்சர் இவ்வளவு கோபம்?" என்று என்னோடு ஒரே பள்ளியில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவரே கேட்டுவிட்டார். இதற்கும் பதில் சொல்லாமல் இருந்தால் அது அந்தப் பெண்ணுக்கு நான் செய்யும் துரோகம்.

நடந்ததை மறுபடியும் சொல்கிறேன். முன்பணம் ஐந்நூறு ரூபாயை மூன்று நாள் முன்பே ஜி-பேயில் அனுப்பியிருந்தாள். ஆதார் அட்டை கையில் இருந்தது. மறுநாள் காலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் அவளுடைய பணி நியமன வழக்கு விசாரணைக்கு வருகிறது என்பதற்கான வழக்குப் பட்டியல் கைப்பேசியில் இருந்தது. சங்கரன்கோவிலிலிருந்து வந்த பேருந்து தாமதமாகி, மாட்டுத்தாவணியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து அவள் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரவு பத்தே முக்கால். மேசையில் இருந்தவர் ஆதாரை வாங்கிப் பார்த்தார். பிறகு அவள் தோளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார். "கூட யாரும் வரலையா?" இல்லை என்றதும் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "லேடீஸ் சிங்கிளா வந்தா ரூம் குடுக்கிறதில்ல மேடம். ஓனர் சொல்லியிருக்காரு." அவள் கெஞ்சிக்கொண்டிருக்கும்போதே தோளில் ஒரு பையோடு தனியாக வந்த ஓர் ஆணுக்கு, பேரேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அவரும் தனியாகத்தான் வந்திருந்தார். என் அண்ணன் மகள் ஒரு பெண்ணாகத் தனியாக வந்தாள் என்பதைத் தவிர வேறு எந்தக் குறையும் அங்கே சொல்லப்படவில்லை.

அந்த இரவை அவள் மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்து பெஞ்சில், வழக்குக் காகிதங்களை மடியில் அணைத்தபடி கழித்தாள். விடியற்காலையில் கட்டணக் குளியலறையில் குளித்து, அங்கேயே புடவை மாற்றிக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனாள். முன்பணத்தை மறுநாள் மதியம் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார்களே என்று அதையே பெரிய நியாயமாகச் சொல்கிறவர்களிடம் கேட்கிறேன், அந்த இரவை யார் திருப்பித் தருவார்கள்?

அவளுடைய பாதுகாப்பை நினைத்துத்தான் மறுத்திருப்பார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். இந்த ஒரு வாக்கியத்தைப் படித்துவிட்டுத்தான் எனக்குத் தூக்கம் போயிற்று. நான்கு சுவரும் ஒரு தாழ்ப்பாளும் இருக்கிற அறையைக் கொடுக்காமல், இரவு பதினோரு மணிக்கு மேலூர் சாலையில் ஒரு பெண்ணை இறக்கி விடுவதற்குப் பெயர் பாதுகாப்பா? அவளுக்கு என்ன ஆனாலும் நம் கட்டிடத்துக்குள் ஆகக் கூடாது என்பதுதான் அந்த முடிவின் பொருள். அதை அப்படியே சொல்லிவிட்டால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

காவல்துறைத் தொந்தரவு பற்றிச் சொன்னவர்களின் பேச்சில் நியாயம் இருக்கிறது. சிறிய விடுதி நடத்துகிறவர்களின் பயம் எனக்குத் தெரியும். அறைக்குள் யாராவது தவறான முடிவு எடுத்துவிட்டால், ஸ்டேஷனுக்கு நடப்பது, செய்தியில் பெயர் வருவது, மாதக்கணக்கில் ஆள் வராமல் போவது எல்லாம் அவர்கள் தலையில்தான் விழுகின்றன. ஆனால் அதற்காகத்தானே பேரேடும் அடையாள அட்டையின் நகலும் வாசலில் கேமராவும் இருக்கின்றன? தனியாக வரும் பெண்ணுக்கு அறை கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. திருமணம் ஆகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கக்கூடச் சட்டம் எதுவும் இல்லை என்று 2019-இல், கோயம்புத்தூர் விடுதி ஒன்று தொடர்பான வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்கெல்லாம் முன்பே, 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு, கடைகளோடும் உணவகங்களோடும் சேர்த்து விடுதிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, சாதி, சமயம் போன்றவற்றைப் போலவே பாலினத்தை மட்டும் காரணமாகக் காட்டியும் யாரையும் அங்கே நுழைய விடாமல் தடுக்கக் கூடாது என்கிறது. பள்ளியில் இதை நான் ஆண்டுதோறும் பாடமாக நடத்தியிருக்கிறேன். என் வீட்டுப் பெண்ணுக்கே அது கைகொடுக்கவில்லை.

பெரிய ஓட்டலில் தங்கியிருக்கலாமே என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. அவள் தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கிறவள்.

என் மனத்தை மிகவும் புண்படுத்தியது வேறொரு கேள்வி. "மதுரையில் அத்தை வீடு இருக்கும்போது அவள் ஏன் விடுதிக்குப் போனாள்?" மகளின் பிரசவத்துக்காக நான் சென்னையில் இருக்கிறேன், நாகமலை புதுக்கோட்டையில் வீடு பூட்டிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து வைக்காதது என் தவறுதான். அதை நினைத்து நான் அழுததை என் மகள் பார்த்திருக்கிறாள். ஆனால் என் தவறு எப்படி விடுதியின் நியாயம் ஆகும்? ஊரில் அத்தையோ சித்தியோ இல்லாத பெண்கள் என்ன செய்வார்கள்? தென்மாவட்டத்து மக்கள் வழக்குக்காகச் சென்னைக்கு அலையக் கூடாது என்று பல ஆண்டுகள் போராடித்தான் 2004 ஜூலை 24 அன்று இந்தக் கிளை மதுரையில் திறக்கப்பட்டது. கன்னியாகுமரியிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் ஜீவனாம்சத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் வழக்குப் போட்டுக்கொண்டு பெண்கள் வருகிறார்கள். நீதிமன்றம் பக்கத்தில் வந்தும், அதன் அருகே ஓர் இரவு தலை சாய்க்க ஆண் துணை வேண்டும் என்றால் அவர்களுக்கு அது இன்னும் தொலைவில்தான் இருக்கிறது.

மதுரை எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1992-இல் அம்மாவைக் கண் அறுவை சிகிச்சைக்கு அங்கே சேர்த்திருந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. ஊருக்கு வெளியே ஒரு சின்ன லாட்ஜில் மூன்று இரவு தனியாகத் தங்கினேன். மேலாளர் வயதானவர், காதில் பென்சில் செருகியிருப்பார். பேரேட்டில் 'உடன் வந்தவர்' என்ற கட்டத்துக்கு வந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார். யாரும் இல்லை ஐயா, அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றேன். அந்தக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டு, "மாடிக்குப் போகாதம்மா, கீழயே ரெண்டாம் நம்பர் எடுத்துக்க, ராத்திரி நான் இங்கதான் படுத்திருப்பேன்" என்று மரக்கட்டை கோத்த சாவியைக் கொடுத்தார். காலையில் பையனிடம் ஒரு வாளி வெந்நீர் கொடுத்தனுப்பினார். அவரும் தொழில்தான் நடத்தினார், அவருக்கும் காவல்துறை இருந்தது. அந்தக் கோட்டைப் போடுவதற்கு அவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிற சத்திரம் இன்றும் ராணி மங்கம்மாள் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. வழிப்போக்கர்களுக்காகச் சாலையும் சத்திரமும் அமைத்த ஒரு பெண் ஆண்ட ஊர் இது. அந்த ஊரின் எல்லையில் வழிப்போக்கராக வந்த ஒரு பெண்ணிடம், கூட யாரும் வரவில்லையா என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். நம் ஊர்க்காரர்களும் அதற்கு ஆமாம் போடுகிறார்கள். விடுதிக்காரர் செய்ததைவிட இதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றைக்கு வழக்கு எடுக்கப்படவில்லை, வாய்தா போட்டுவிட்டார்கள். அடுத்த முறை கூட வருவதாக அண்ணன் சொல்கிறார். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து இப்போதுதான் கம்பு ஊன்றி நடக்கிறார். அவளுக்குத் தெரியாமல் அதே விடுதிக்குப் பேசியிருக்கிறார். "அப்பா கூட வர்றீங்களா சார், அப்ப தாராளமா வாங்க" என்றார்களாம். அதைக் கேட்டதிலிருந்து அவள் அவரிடம் சரியாகப் பேசவில்லை. வாய்தா அன்று அதிகாலை மூன்று மணிக்கு வீட்டை விட்டு இறங்கினால் நேரத்துக்குப் போய்விடலாம், அறையும் வேண்டாம், யாரும் வரவும் வேண்டாம் என்று நேற்று என்னிடம் தொலைபேசியில் சொன்னாள்.