புதைத்த பிறகு யார் காவல்?

புவி சூடாவதைக் குறைக்க, புகைபோக்கியில் காபனீரொட்சைட்டைப் பிடித்து நிலத்தின் ஆழத்தில் செலுத்தும் தொழில்நுட்பத்துக்கு அரசுகள் பணம் கொடுக்கலாமா என்று வந்தாறுமூலையில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாகக் கொடுக்கலாம். எதற்கு, எந்தக் கட்டத்தில் என்பதில்தான் எனக்கு வழக்கு இருக்கிறது.

நோர்வேயைப் பாருங்கள். வட கடலின் ஸ்லைப்னர் வயலில் எடுக்கும் எரிவாயுவில் ஏறத்தாழ 9 சதவீதம் காபனீரொட்சைட்டு கலந்திருக்கிறது. அதைப் பிரிக்காமல் விற்க முடியாது. பிரித்ததைக் காற்றில் விட்டால் 1991இல் வந்த காபன் வரியைக் கட்ட வேண்டும். கம்பனி கணக்குப் போட்டுப் பார்த்தது. 1996 முதல், கடலடிக்குக் கீழே ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் ஆழத்து மணற்கல்லுக்குள் ஆண்டுக்குப் பத்து இலட்சம் தொன் வரை செலுத்தத் தொடங்கியது. உள்ளே போன வாயு எந்தப் பக்கம் நகர்கிறது என்று நில அதிர்வு அலைகளால் படம்பிடித்த ஆய்வுக்கு ஐரோப்பியப் பொதுப்பணம் கிடைத்தது. முடிவுகளை உலகமே படித்தது. பொதுப்பணம் போக வேண்டிய இடம் இதுதான்.

அமெரிக்காவில் நடந்தது வேறு. எட்டு நிலக்கரித் திட்டங்களுக்கு ஏறத்தாழ 684 மில்லியன் டொலர் கொடுத்ததில் இயங்கும் நிலைக்கு வந்தது ஒன்றே ஒன்று என்று அந்நாட்டு அரசின் கணக்காய்வு அலுவலகமே 2021இல் எழுதியது. டெக்சாஸில் இருக்கும் அந்த ஒன்றும், பிடித்த வாயுவைப் பழைய எண்ணெய் வயலுக்குள் செலுத்தி மேலும் எண்ணெய் எடுக்கத்தான் பயன்படுத்தியது. 2020இல் எண்ணெய் விலை விழுந்ததும் நின்றுபோய், 2023இல்தான் திரும்பவும் தொடங்கியது. வரம்பு கட்டியதற்கே வெள்ளாமைக்கான முழுக் காசையும் எண்ணிக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். புதைக்கும் ஒவ்வொரு தொன்னுக்கும் 85 டொலர் வரை வரிச்சலுகை என்ற 2022ஆம் ஆண்டுச் சட்டம், கொஞ்சம் புத்தி வந்ததற்கு அடையாளம்.

ஆனால் புதைத்த பிறகு? ஐரோப்பியச் சட்டப்படி, கிணற்றை மூடிய பின் பொதுவாகக் குறைந்தது 20 ஆண்டுகள் கம்பனி பொறுப்பு. அதன்பின் பொறுப்பு அரசின் தலையில். இதை வாசித்ததும் எனக்கு நம் அம்பாறை மாவட்டத்து ஒலுவில் துறைமுகம்தான் நினைவுக்கு வந்தது. 2013இல் திறப்பு விழா நடந்தது. வாயிலை மணல் அடைத்தது, வடக்கே கரையைக் கடல் தின்றது, தென்னந்தோட்டங்கள் போயின. கட்டுவதற்குக் கடன் கிடைத்தது. கட்டிய பின் வருவதைப் பார்க்க யாரிடம் பணம் இருந்தது? இங்கே கரை போவதாவது கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு கிலோமீற்றர் ஆழத்தில் கசிவதை யார் பார்ப்பது?

நல்லவேளை, நமக்கு அந்தச் சோதனை வராது. வாயுவை அடர்த்தியாக வைத்திருக்க 800 மீற்றருக்குக் கீழே, நுண்துளைகள் கொண்ட படிவுப் பாறையும் மேலே இறுக்கமான மூடியும் வேண்டும். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களுக்கு அடியில் பெரும்பாலும் பழைய கடினப் பாறை, வெளியே துருத்தி நிற்கும் குடும்பிமலைப் பாறையே சாட்சி. இலங்கையில் தேடுவதென்றால் மன்னார்ப் படுகைப் பக்கம் போக வேண்டும். நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலக்கரி நிலையத்துக்கு இதைப் பொருத்தலாமே என்பவர்களுக்கு ஒன்று: பிடிக்கும் இயந்திரமே நிலையத்தின் மின்சாரத்தில் கணிசமான பங்கை விழுங்கிவிடும். அதற்கும் சேர்த்து மின்கட்டணம் கட்ட யார் தயார்?

நம் வாவியோரக் கண்டல் சேறும் காபனைப் பிடித்து வைத்திருக்கிறது. நாட்டின் கண்டல்கள் அனைத்தையும் காப்பதாக 2015இல் அரசு அறிவித்தது. அந்தச் சேற்றை ஆண்டுதோறும் அளக்க ஓர் ஆய்வுகூடமும், இரண்டு மூன்று மாணவர்களுக்கு உதவித்தொகையும் கேளுங்கள் தம்பி. மனு எழுதினால் என்னிடமும் அனுப்புங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.