நினைவுமலரிலயும் தேடிப் பாருங்கோ

குடும்ப வரலாறு தேடுறவை பிறப்புச் சான்றிதழ்ல தொடங்கோணும் எண்டு ஒரு கட்டுரையில வாசிச்சன், சரிதான், ஆனா எங்கட திருகோணமலையில 1990 இடம்பெயர்வு, பிறகு 2004 சுனாமி எண்டு எத்தனை வீட்டுப் பத்திரம் போச்சு. எங்களுக்கு கைகுடுத்தது அந்தியேட்டிக்கு, அதான் ஆள் செத்து 31ம் நாள் கிரியைக்கு, அச்சடிச்சுக் குடுக்கிற நினைவுமலர்ப் புத்தகம்தான். அம்மம்மாட தமையன்ட மலர் உவர்மலையில மாமி வீட்டு அலுமாரிக்குள்ள கிடந்தது, அட்டை முழுக்க பூச்சி அரிச்சிட்டுது, ஆனா நடுப்பக்கத்தில வம்சவழி அப்பிடியே இருக்கு, ஆர் ஆரைக் கட்டினது, மூதூர்ப் பக்கம் போன கிளை எது, எல்லாம். பழைய பேப்பர் மரண அறிவித்தலையும் விடாதீங்கோ, "இன்னாரின் அன்பு மருமகனும் இன்னாரின் மைத்துனரும்" எண்டு போற அந்த நீட்டு வரியிலயே அரைவாசிச் சொந்தம் வந்திடும். இன்னொண்டு, எங்கட ஆக்கள் கனபேருக்கு குடும்பப் பேர் இல்லை, முதலெழுத்து அப்பாட பேர், அது தலைமுறைக்குத் தலைமுறை மாறும், வெளிநாட்டு வெப்சைட்டில தேடேக்க இதாலதான் ஆள் தவறுறது, தாத்தா பேரையே பேரனுக்கும் வைக்கிறதால வருஷத்தையும் ஊரையும் சேர்த்துப் பாருங்கோ. வயசான மாமி, பெரியம்மாமார் இருந்தா இப்பவே போய் கதைச்சு போன்ல ரெக்கோர்ட் பண்ணுங்கோ, பழைய போட்டோவையும் காட்டிக் கேளுங்கோ, பேர் தன்னால வரும்.