அந்த அக்கா முறுமுறுக்கவில்லை

ஞாயிறு ஆராதனையில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். டயாலிசிஸ் செய்துகொள்கிற ஒரு அக்காவைப் பார்த்து விசுவாசம் இல்லை என்று பிரசங்கியார் பேசியது சபை வாட்ஸ்அப் குரூப்பில் வாய்ஸ் நோட்டாகச் சுற்ற ஆரம்பித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "தேவ செய்தி, கட்டாயம் கேளுங்கள்" என்று தலைப்பு வேறு. அந்த அக்காவும் அதே குரூப்பில்தான் இருக்கிறார்கள் என்பது அனுப்பியவருக்குத் தெரியாதா?

அக்கா அப்படி என்ன சொல்லிவிட்டார்கள்? சாட்சி நேரத்தில் எழுந்து, "உடம்பு ரொம்பக் களைச்சுப் போச்சு. ஏன் ஆண்டவரேன்னு தினமும் கேக்கேன். அவரை விட்டா எனக்கு யாரு இருக்கா, ஜெபிச்சுக்கோங்க" என்றார்கள். அவ்வளவுதான். உடனே அன்றைய சிறப்புப் பிரசங்கியார் மைக்கை வாங்கி, முறுமுறுக்கிற ஆவிதான் சுகத்தைத் தடுக்கிறது என்று ஆரம்பித்துவிட்டார். முழு விசுவாசம் இருந்தால் அந்த டயாலிசிஸ் மெஷின் எதற்கு என்று கேட்டார். அதற்கும் நாலு பேர் அல்லேலூயா சொன்னார்கள்.

மெஷின் எதற்கு என்று நான் சொல்கிறேன். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டால் ரத்தத்தில் சேரும் கழிவையும் தண்ணீரையும் வேறு வழியில் வெளியே எடுத்தாக வேண்டும். கையில் இரண்டு தடித்த ஊசி குத்தி நாலு மணி நேரம் படுக்க வேண்டும், வாரத்தில் மூன்று நாள். நடுவில் குடிக்கிற தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும், நம்மூர் வெயிலில். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, சரி. விடியற்காலை பஸ்ஸைப் பிடிப்பதும், திரும்பும்போது படியேற முடியாமல் நிற்பதும் எந்தத் திட்டத்தில் வரும்? இத்தனைக்கும் அப்புறம் ஞாயிறு கோயிலுக்கு வந்து உட்கார்கிறவரைப் பார்த்து விசுவாசம் இல்லை என்கிறார், ஏசி காரில் வந்து இறங்கியவர்.

கர்த்தரிடம் கேட்பது முறுமுறுப்பு அல்ல. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று பைபிளில் தாவீது பாடிய 13ஆம் சங்கீதமே தொடங்குகிறது. தாவீதிடமிருந்து யாரும் மைக்கைப் பிடுங்கவில்லை. பிள்ளைகளையும் சொத்தையும் சுகத்தையும் இழந்த யோபுவின் "அவர் என்னைக் கொன்றுபோட்டாலும், அவர்மேல் நம்பிக்கையாயிருப்பேன்" வசனம் பாதி வீடுகளில் காலண்டராகத் தொங்குகிறது. அதே வசனத்தின் பின்பாதியில், என் வழக்கை அவர் முன்னாலேயே வாதாடுவேன் என்கிறார் யோபு. அதைக் காலண்டரில் யாரும் அச்சடிப்பதில்லை. கடைசியில் கர்த்தர் கோபப்பட்டது வாதாடிய யோபுவிடம் அல்ல, ஆறுதல் சொல்ல வந்து பிரசங்கம் செய்த சிநேகிதர்களிடம். அவர்களும் கேட்க நன்றாகத்தான் பேசினார்கள்.

"வனாந்தரத்தில் முறுமுறுத்தவர்கள் அழிந்தார்கள் என்று பவுலே எழுதியிருக்கிறாரே" என்று வருவீர்கள். தெரியும். அவர்கள் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து ஆண்டவர் மீட்டுக் கொண்டுவந்த பிறகும் எகிப்துக்கே திரும்பிப் போவோம் என்றவர்கள். அக்கா எங்கே போகிறேன் என்றார்கள்? கோயிலுக்குத்தானே வந்தார்கள்!

"உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது என்று இயேசுவே சொன்னாரே" என்பார்கள். சொன்னார். மறுக்கவில்லை, சுகமாக்குகிற தேவனை நானும் நம்புகிறேன். ஆனால் "என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுத தகப்பனின் பிள்ளையையும் அவர்தான் சுகமாக்கினார். முதலில் விசுவாசத்தைச் சரி பண்ணிக்கொண்டு வா என்று அனுப்பவில்லை. அப்போஸ்தலன் பவுல் தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்து என்ற ஊரில் வியாதியாகவே விட்டுவிட்டு வந்தார். பவுலுக்கும் விசுவாசம் பத்தவில்லையோ என்னவோ. அவ்வளவு தூரம் போவானேன், நம் திருநெல்வேலி மாவட்டத்து டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் விழுந்து அடிபட்டு, 1951-ல் மரிக்கும்வரை பெரும்பாலும் படுக்கையில்தான் இருந்தார்கள். அவர்களிடம் போய் முறுமுறுக்கிற ஆவி என்று சொல்லியிருப்பாரா இவர்?

அபிஷேகம் பெற்ற ஊழியக்காரர்களைத் தொடாதே என்று இன்பாக்ஸில் மிரட்டுகிறவர்களுக்குப் பதில் கிடையாது. நான் யாரையும் தொடவில்லை. டைப் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அப்பா வேலை பார்த்த மில்லை மூடியபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா பீடி சுற்றினார்கள். தட்டை மடியில் வைத்து இலை வெட்டும்போதே ஆண்டவரோடு சண்டை நடக்கும். "உமக்குக் கண்ணு தெரியுதா இல்லையா, இந்தப் பிள்ளைக்கு ஃபீஸ் யாரு கட்டுவா?" ராத்திரி குடும்ப ஜெபத்தில் அதே வாய் "உம்முடைய சித்தம்" என்று சொல்லும். கடைசியில் பக்கத்துத் தெரு ராவுத்தர் வீட்டு அம்மா ஒருவர் கைமாற்றாகக் கொடுத்தார்கள். ஆண்டவர்தான் அனுப்பினார் என்று அம்மா சாகும்வரை சொன்னார்கள், நானும் அப்படித்தான் நம்புகிறேன். அதே சமயத்தில் சபையின் பெரிய மனிதர் ஒருவரும் வீட்டுக்கு வந்தார். "அறிக்கை செய்யாத பாவம் ஏதும் வீட்ல இருக்கா பாருங்க" என்று கேட்டு, காபி குடித்துவிட்டுப் போனார். அந்தக் காபிக்குச் சர்க்கரை கடன் வாங்கியது. அவரை மன்னித்துவிட்டேன் என்று சொல்லத்தான் ஆசை.

அதனால் எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம் வரும். சபை விஷயத்தை வெளியே எழுதலாமா, நாலு மதத்தார் படிக்கிறார்களே என்று கேட்கிற அண்ணன்மாரே, வாய்ஸ் நோட்டைச் சுற்றுக்கு விட்டபோது அது வெளியே போகவில்லையா? கோபுரத்துக்கு வண்ணம் அடிக்க வீடு வீடாகச் சந்தா கேட்டு வந்தீர்கள், கொடுத்தோம். அந்த அக்கா வீட்டுக்கும் வந்தீர்கள், அவர்களும் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்கு எத்தனை பேர் வந்தீர்கள்?

அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். செவ்வாய், வியாழன், சனி காலையில் டயாலிசிஸ். வண்டி வைத்திருப்பவர்கள், திரும்பும்போது கூட வரக்கூடியவர்கள் எனக்கு மெசேஜ் பண்ணுங்கள், நாள் பிரித்துக்கொள்ளலாம். முடிந்து வரும்போது அவர்களுக்குத் தலை சுற்றும், பேச முடியாது. வழியில் வசனம் எதுவும் சொல்ல வேண்டாம், பையை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.