அரைச் சர்க்கரையும் காகிதக் கோப்பையும்

என் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது. உள்ளூரிலேயே பாதிப் பேர் அதை லகரமாக்கிவிடுவார்கள். அதனால் வெளிநாட்டு விமான நிலையம் ஒன்றில் காபி கொடுத்த பெண்ணிடம் நான் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. மலர்ந்த முகத்துடன் பெயர் கேட்டார், சொன்னேன், கோப்பையில் எழுதினார். திருப்பிப் பார்த்தால் அது என் பெயரும் இல்லை, எனக்குத் தெரிந்த எவருடைய பெயரும் இல்லை. எந்தக் கடை என்பது இங்கே முக்கியமில்லை.

எங்கள் தெருமுனை மெஸ்ஸில் 11 ஆண்டுகளாகக் காபி குடிக்கிறேன். மாஸ்டருக்கு இன்றுவரை என் பெயர் தெரியாது. அவருக்கு நான் "அரைச் சர்க்கரை". தெருத் திருப்பத்தில் என் தலை தெரிந்ததும் டிகாக்‌ஷனை ஊற்றத் தொடங்கிவிடுவார். நான்கு நாள் போகாமலிருந்து போனால், "ஊரில் இல்லையா சார்?" என்பார். அவ்வளவுதான் எங்கள் உறவு.

பெயர் கேட்பதுதான் நெருக்கம் என்று காபிக் கடைச் சங்கிலிகளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? இந்த விஷயத்தில் ஸ்டார்பக்ஸின் கதையைப் போல் சுவாரசியமானது வேறில்லை. அந்த நிறுவனத்தைத் திட்டுவது இப்போது ஒரு நாகரிகம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது திட்டுப் பதிவு அல்ல.

1971-இல் சியாட்டிலில் தொடங்கியபோது அங்கே உட்கார்ந்து காபி குடிக்க முடியாது. வறுத்த கொட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 1982-இல் வேலைக்குச் சேர்ந்த ஹோவர்ட் ஷுல்ட்ஸ் அடுத்த ஆண்டு இத்தாலியின் மிலன் நகருக்குப் போனார். அங்கே எஸ்பிரெஸோ என்னும் கெட்டிக் காபி போடுகிறவர் கையால் வேலை செய்துகொண்டே வாயால் வாடிக்கையாளருடன் ஊர்க்கதை பேசுவதைப் பார்த்தார். நம் ஊர் டீக்கடைப் பெஞ்சைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அமெரிக்கருக்கு அது தரிசனமாக இருந்திருக்கிறது. 1987-இல் அவர் அந்த நிறுவனத்தையே வாங்கினார். 1996-இல் டோக்கியோவின் கின்ஸாவில் கடை திறந்தபோது, புகைபிடிக்க அனுமதியில்லாத காபிக் கடை ஜப்பானில் ஓடாது என்று சொன்னவர்கள் உண்டு. ஓடியது.

எனக்குப் பிடித்த இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. 2007 பிப்ரவரி 14 அன்று ஷுல்ட்ஸ் தன் நிர்வாகிகளுக்கு ஓர் உள்சுற்றுக் கடிதம் எழுதினார். அது வெளியே கசிந்துவிட்டது. பத்தாண்டுகளில் ஆயிரத்துக்கும் குறைவான கடைகளிலிருந்து 13,000-க்கு வளர்ந்த நிறுவனத்தின் தலைவர் அதில் பெருமை பேசவில்லை, எதையெல்லாம் தொலைத்தோம் என்று கணக்குப் பார்த்திருந்தார். வேகத்துக்காகத் தானியங்கி எஸ்பிரெஸோ இயந்திரங்களை வைத்தோம், அதில் நாடகமும் கவர்ச்சியும் போய்விட்டன. அதைவிட மோசம், அவற்றின் உயரம்! தனக்கான காபி தயாராவதை வாடிக்கையாளரால் பார்க்க முடியவில்லை, போடுகிறவருக்கு எதிரே நிற்பவரின் முகம் தெரியவில்லை. கொட்டையின் புத்துணர்வைக் காக்கக் காற்றுப் புகாத பைகளில் அடைத்தோம், கடையிலிருந்த காபி மணம் காணாமல் போனது.

ஒன்றைக் கவனியுங்கள். இவற்றில் எதுவுமே கெட்ட எண்ணத்தில் எடுத்த முடிவு அல்ல. வரிசை குறைய வேண்டும், கொட்டை கெடக்கூடாது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நானே கையெழுத்துப் போட்டிருப்பேன்.

மறு ஆண்டு பிப்ரவரி 26 மாலை, அமெரிக்காவில் ஏறத்தாழ 7,100 கடைகளையும் சில மணி நேரம் மூடிவிட்டு, ஊழியர்களுக்கு எஸ்பிரெஸோ போடுவதை மறுபடி கற்றுக்கொடுத்தார்கள். கேலி செய்தவர்கள் நிறையப் பேர். நான் இதை மதிக்கிறேன். கல்லாவை மூடிவிட்டுக் கைப்பழக்கத்தைச் சரிசெய்யும் முதலாளிகள் அபூர்வம்.

அதே 2008-இல் ஆஸ்திரேலியாவில் வாங்கியதுதான் பெரிய அடி. 84 கடைகளில் 61-ஐ ஒரேயடியாக மூடினார்கள். பானங்கள் அதிக இனிப்பு, விலை அதிகம் என்று பலரும் காரணம் சொல்கிறார்கள், இருக்கலாம். என் எண்ணம் வேறு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு குடியேறிய இத்தாலியர்களும் கிரேக்கர்களும் அங்கே எஸ்பிரெஸோவை எப்போதோ வேரூன்றவைத்துவிட்டார்கள். மெல்பர்னில் உள்ளவர்களுக்கு அவரவர் "மாஸ்டர்" ஏற்கெனவே இருந்தார். மிலனில் கடன் வாங்கிய நெருக்கத்தை, அதை நேரடியாகவே பெற்ற மக்களிடம் கொண்டுபோய் விற்கப் பார்த்தார்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போன கதைதான். மிலனிலேயே அவர்கள் கடை திறக்க 2018 ஆயிற்று. அந்தத் தயக்கத்தில் ஒரு மரியாதை இருந்ததாக நினைக்கிறேன்.

இந்தியாவுக்கு 2012-இல் டாடாவுடன் சேர்ந்து வந்தார்கள். இங்கே விளைந்த கொட்டையையே பயன்படுத்தினார்கள், பிறகு பில்டர் காபியும் பட்டியலில் ஏறியது. நல்ல வியாபாரம். ஆனால் உள்ளூர்ச் சுவையைச் சேர்ப்பது வேறு, உள்ளூர் மனிதரைத் தெரிந்துகொள்வது வேறு. முதலாவதைத் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்தே தீர்மானித்துவிடலாம்.

அந்த இயந்திர உயரத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சரிசெய்தார்கள். 2008-லேயே ஸ்விட்சர்லாந்தில் தயாரான உயரம் குறைந்த இயந்திரங்களைக் கொண்டுவந்தார்கள். இருவரும் முகம் பார்த்துப் பேசலாம். இப்போது என்ன நிலைமை? அமெரிக்கக் கடைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆர்டர்கள் கைப்பேசிச் செயலி வழியாக, முன்பணம் கட்டி வருகின்றன. இயந்திரம் தாழ்ந்துவிட்டது, எதிரே நிற்கத்தான் ஆள் இல்லை. வரிசையாக வைத்த கோப்பைகளில் தன்னுடையதைத் தேடி எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

2024-இல் தலைமைப் பொறுப்புக்கு வந்த பிரையன் நிக்கோல், பீங்கான் கோப்பைகளையும் மார்க்கர் பேனாவையும் திரும்பக் கொண்டுவந்தார். கோப்பையில் கையால் ஒரு வரி எழுதித் தர வேண்டுமாம். வரிசை வாசல்வரை நிற்கும்போது, மேலிடத்து உத்தரவுப்படி ஐம்பதாவது கோப்பையில் சிரித்த முகம் வரையும் ஊழியரை நினைத்துப் பாருங்கள். எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டாம், அவர் கொஞ்சம் மூச்சுவிடட்டும். 2021 கடைசியில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் தொடங்கி ஸ்டார்பக்ஸ் கடை ஊழியர்கள் சங்கம் அமைத்தபோது, கடையில் ஆள் போதவில்லை என்பதும் அவர்கள் முறையீடுகளில் ஒன்று. கூடுதல் பணிநேரத்துக்காக 50 கோடி டாலருக்கு மேல் செலவிடப்போவதாக நிறுவனம் 2025-இல் அறிவித்தது. மார்க்கருக்கு முன்பே இதைச் செய்திருக்கலாம்.

ஊர் திரும்பிய மறுநாள் காலை மெஸ்ஸுக்குப் போனேன். மாஸ்டர் இல்லை, மகள் வீட்டு விசேஷமாம். புதுப் பையன் ஒருவன் நின்றான். "சர்க்கரை எவ்வளவு சார்?" என்று கேட்டான். சொன்னேன்.